வீட்டை விற்கவா போகிறோம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது பேச்சோடு பேச்சாக ஒரு வரி போட்டிருந்தேன்: இந்த வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நோன்பு நாட்களில், வீட்டை இடித்துக் கட்டி அலங்கரித்துக் காட்டுகிற டிவி நிகழ்ச்சிகளைப் பார்ப்பதை நிறுத்தினேன், ஈஸ்டர் கழிந்தும் திரும்பிப் போகவில்லை, சாயங்காலம் ஜெபத்துக்கும் நாலு ஆளோடு பேசவும் நேரம் கிடைக்கிறது என்று. அவ்வளவுதான். வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால்கூட நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வளவு கோபம் வந்திருக்காது போல. பாதிப் பேர் திட்டுகிறார்கள், மீதிப் பேர் "நானும்தான் அக்கா" என்று மெதுவாகச் சொல்கிறார்கள். சரி, இந்த மாதம் பக்கம் முழுக்க இதுவே இருக்கட்டும். பெயர் போடாதீர்கள் என்று நிறையப் பேர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் மாமனார் கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் அமெரிக்காக்காரர்கள் வீடு மாற்றுகிற நிகழ்ச்சி, இல்லையென்றால் நம்ம ஆட்களின் ஹோம் டூர் என்று ரெண்டு மணி நேரம் பார்ப்பேன். இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனால் வீடு புரிகிறது. சீரியல் பார்ப்பதில்லை, ஊர்வம்பு பேசுவதில்லை. இதில் என்ன பாவம்? மறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் முறை வைத்து நடக்கும். போன தடவை எங்கள் முறை வந்தபோது, வீட்டில் வேலை நடக்கப்போகிறது என்று பொய் சொல்லி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டேன். இந்த வீட்டில் ஆட்களை உட்கார வைக்கவே வெட்கமாக இருக்கிறது. அடுக்களைக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்தாலாவது கொஞ்சம் நன்றாக இருக்கும், ஆனால் கொத்தனார் மாட்டவே மாட்டேன் என்கிறார். – வாசகி, இரணியல்

பதில்: பாவம் என்று நான் எழுதவே இல்லை, மக்களே. நீங்களாகத்தான் அந்த வார்த்தையைக் கொண்டுவந்தீர்கள், கொண்டுவந்த கையோடு ஜெபக்கூட்டத்தைத் தள்ளிவிட்ட கதையையும் சொல்லிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் சுவர்.

உங்கள் கொத்தனாருக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுங்கள். டிவியில் ஒரு அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு சம்மட்டியால் ஒரே போடு போட்டதும் சுவர் பொத்துக்கொண்டு போகிறதே, நம்ம கணக்கில் அது சுவரே கிடையாது. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்துப் பெயின்ட் பூசிவிடுவார்கள். சம்மட்டி எதற்கு, முரட்டுப் பையன் ஒருத்தன் முழங்கையால் இடித்தாலே ஓட்டை விழும். அங்கேயும் பாரம் தாங்குகிற சுவர் என்றால் இஞ்சினியர் வந்து பார்த்து, உத்தரம் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பகுதியை நிகழ்ச்சியில் அரை நிமிஷத்தில் ஓட்டிவிடுவார்கள், ஏனென்றால் பேப்பரில் கையெழுத்துப் போடுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? உங்கள் மாமனார் கட்டியது ஓட்டு வீடு. நடுச்சுவரின் தலையில் உத்தரம் உட்கார்ந்திருக்கும், உத்தரத்தின் மேல் கழுக்கோல் என்கிற சரிவுக் கட்டை, அதன் மேல் பட்டியல் என்கிற குறுக்குச் சட்டம், பட்டியலில் ஓடு. கீழே நீங்கள் ஆசைப்பட்டு நாலு கல்லை உருவினால் மேலே உள்ள அத்தனையும் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்கும். அந்தக் கொத்தனார் வேலை தெரிந்தவர். விட்டுவிடாதீர்கள்.

அடுக்களையைத் திறந்து விடுவதும் அப்படித்தான். நாம் மத்தி பொரிக்கிற ஆட்கள், நெத்திலிக் கருவாடு சுடுகிற ஆட்கள். சுவரை எடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை பொரித்த மத்தி ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகர் ஐயர் வந்து உட்காரும் வரைக்கும் சோபாவில் மணக்கும்.

எனக்கு இதெல்லாம் பட்டுத்தான் தெரிந்தது. நாலு வருஷம் முன்னால், இதே நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து, எங்கள் ஓட்டு வீட்டின் நடு அறைக்கு ஜிப்சம் சீலிங் போட்டேன். வட்ட வட்டமாக விளக்கு, ஓரம் முழுக்க நீல எல்இடி பட்டை. வேலை செய்தவர் பத்து வருஷத்துக்கு அசையாது என்றார். ஆனி மழைக்கு முதல் மஞ்சள் வட்டம் விழுந்தது. ஓடு ஒழுகுகிறது என்று ஆளை ஏற்றிப் பார்த்தால் ஓடு கல் மாதிரி இருக்கிறது. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் நான் காசு கொடுத்து உண்டாக்கின இருட்டில், ஒரு மரநாய் குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அது மூத்திரம் பெய்து, பலகை ஊறி ஊறி, ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு இட்லித் தட்டு அளவுக்கு ஒரு துண்டு நேராக சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. அமெரிக்க நிகழ்ச்சி எதிலும் மரநாய் வந்ததை நான் பார்த்ததில்லை.

இதுவரைக்கும் சொன்னது கல், மரம், மரநாய். இதற்காக மட்டும் நான் நிறுத்தவில்லை. சீலிங் விழுந்த பிறகும் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த நிகழ்ச்சிகள் ஆரம்பித்த விதம் மோசமில்லை. 1979-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி ஒன்று, ஒரு பழைய வீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்று வாராவாரம் காட்டியது. ஆசாரி வந்து ஆசாரி வேலையைச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். 1994 கடைசியில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்றே எச்ஜிடிவி என்ற சேனல் வந்தது. போகப்போக, வேலையைச் சொல்லிக்கொடுப்பது குறைந்து 'முன்னால் இப்படி, பின்னால் இப்படி' என்று திரையை விலக்கிக் காட்டுவது கூடிப்போனது. மலிவாக வாங்கி, மினுக்கி, லாபத்துக்கு விற்கிறவர்களின் நிகழ்ச்சிகள் வரிசையாக வந்தன. அதில் கடைசி இரண்டு நிமிஷத்தைக் கவனித்திருப்பீர்கள்: வாங்கின விலை இவ்வளவு, செலவு இவ்வளவு, இனி விற்றால் இவ்வளவு. வீடு தேடி அலைகிற பிரபலமான நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட பெண் 2012-ல் வெளியே சொல்லிவிட்டார்: அவர்கள் ஏற்கனவே வாங்கப்போவது முடிவான வீட்டைத்தான் தேடுவது போல நடித்தார்களாம், பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கின மற்ற வீடுகள் சிநேகிதர்களுடையவையாம், விற்பனைக்கே இல்லையாம். டிவி என்றால் கொஞ்சம் நடிப்பு இருக்கும், அதை விடுங்கள். எனக்குப் பயமாக இருந்தது வேறு ஒன்று. இரண்டு வருஷம் தினமும் ராத்திரி வாங்க வருகிறவனின் கண்ணால் வீடுகளைப் பார்த்தால், காலையில் எழுந்திருக்கும்போது அந்தக் கண் நம்ம முகத்தில் ஒட்டியிருக்கும். சொந்த வீட்டுக்குள் புரோக்கர் மாதிரி நடப்போம். இந்தத் தரை பழசு, இந்த ஜன்னல் குறை, இந்த மாமியார் கட்டில் இடத்தை அடைக்கிறது.

குழித்துறைப் பக்கம் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தேன், தை மாசக் கடைசி. எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெட்டி நடு ஹாலில் இருக்கிறது, மைனி தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறார்கள், பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள். நான் குனிந்து தரையைப் பார்க்கிறேன். டைல்ஸ் இடுக்கில் நிரப்பியிருக்கிற சாந்து நிறம் பொருந்தவில்லையே, சாம்பல் நிறம் போட்டிருக்கலாமே என்று மனசு சொல்கிறது. மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், நானும் துக்கத்தில் தலைகுனிந்து இருக்கிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து யாரிடமும் இதைச் சொல்லவில்லை. லெந்து அடுத்த மாதம் வந்தது.

அதனால் உங்கள் பிரச்சினை அடுக்களைச் சுவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாள் போய்வாருங்கள், இரணியலிலிருந்து தக்கலை எவ்வளவு தூரம், ஒரு பஸ். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். இந்த டிவி நிகழ்ச்சிக்காரர்கள் யாராவது உள்ளே வந்தால் மயங்கி விழுவார்கள்: குனிந்து போகிற வாசல், சின்னச் சின்ன அறை, இருட்டு, கறுப்புத் தரை. ஆனால் ஊட்டுப்புரைக்கு வந்து நில்லுங்கள். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக நீள நீளமான கூடம், ஒரே பந்தியில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்வார்கள். ராஜா படுக்கிற அறையைவிட ஊரார் சாப்பிடுகிற இடம் பெரிது. உப்பரிகை மாளிகையின் உச்சி மாடி பூஜைக்கென்று விட்டது. அந்த ராஜா மார்த்தாண்ட வர்மா சாது ஒன்றும் இல்லை, 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை அடித்தவர், அதற்கு முன்னும் பின்னும் நிறையப் பேரை அடித்தவர். அப்பேர்ப்பட்ட ஆள் 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, இனி நான் அவருக்கு வேலைக்காரன், பத்மநாபதாசன் என்று சொல்லி ஆண்டார். அதில் அரசியலும் இருந்தது என்பார்கள், இருக்கட்டும். நான் கிறிஸ்தவள், ஆனாலும் அந்த அரண்மனைக்குள் போனால் எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான் வரும்: இத்தனை பெரிய வீட்டில் அந்த ஆள் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருந்திருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த முறை வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த மாசமே கூட்டத்தை எங்கள் வீட்டில் வைக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். புது நாற்காலி வாங்காதீர்கள். பாய் போதும், முட்டு வலிக்காரர்களுக்கு மட்டும் பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி. மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைத்து, கட்டங்காப்பி போடுங்கள். பொய் சொன்னதை உங்கள் மாமியாரிடமாவது சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும் என்பது என் அனுமானம். சொல்கிற சாக்கில், அந்த உத்தரம் எந்த மரம் என்று கேளுங்கள். அயினியா பலாவா, யார் வளவில் நின்றது, யார் அறுத்தது. ஒரு சாயங்காலம் போய்விடும்.

கேள்வி: உங்களை மாதிரி ஆட்களால்தான் பிரச்சினை. என் மனைவி ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து டிவியைத் துணி போட்டு மூடிவிட்டாள். சரி, நல்லது, கரண்ட் மிச்சம். ஆனால் மேற்குப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, மாற்றலாம் என்றால் "நமக்குப் பரலோகத்தில் வீடு இருக்கு" என்கிறாள். இரண்டு மழைக்காலமாக வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம். – வாசகர், கருங்கல்

பதில்: அண்ணன், கோபப்படாதீங்க. ஒழுகுகிற ஓட்டில் பக்தி இல்லை, பாசிதான் இருக்கிறது. உங்கள் மனைவியிடம் ஒரு சங்கதி சொல்லுங்கள்: நாம் மங்களூர் ஓடு என்று சொல்கிறோமே, அந்த ஓட்டுக்கு முதல் ஆலையை 1865-ல் மங்களூரில் போட்டது பாசல் மிஷன்காரர்கள், அதாவது மிஷனரிகள். ஊழியம் செய்ய வந்தவர்களே களிமண் குழைத்து ஓடு சுட்டிருக்கிறார்கள், ஞானஸ்நானம் எடுத்து வேலை இழந்தவர்களுக்குப் பிழைப்பும் ஆச்சு, மழைக்கு மறைவும் ஆச்சு. பரலோக வீட்டைப் பற்றி அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

நமக்கு மற்ற ஜில்லாக்கள் மாதிரி ஒரு மழை இல்லை. வைகாசி பாதியில் வருகிற இடவப்பாதி ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. 2017-ல் ஒக்கி அடித்த அன்று யார் வீட்டு ஓடு யார் முற்றத்தில் கிடந்தது என்று இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே சித்திரைக்குள் ஆளை ஏற்றிவிடுங்கள். உடைந்த ஓட்டின் மேல் சிமெண்ட் பூசி ஒப்பேற்ற விடாதீர்கள், ஒரு வெயிலுக்கு வெடித்துவிடும். மேல் ஓட்டை நகர்த்திவிட்டு உடைந்ததை உருவி எடுத்து வேறு ஓட்டைச் செருகினால் போதும். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொன்றில் சரியாகப் பூட்டாது, அதனால் பழைய ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துவிட்டு அதே ஓட்டைத் தேடுங்கள், இடித்த வீட்டு ஓடு விற்கிறவர்களிடம் கிடைக்கும். அப்படியே பட்டியலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உளுத்திருந்தால் சத்தம் பொத்தென்று வரும்.

டிவித் துணியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஓடு மாற்றினவருக்குச் சோறு போடுகிற பொறுப்பை மனைவியிடம் விடுங்கள்.

கேள்வி: என் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். நான் போயிருந்தபோது டெக்சாஸில் வேக்கோ என்ற ஊரில் ஒரு கணவன் மனைவி பழைய வீடுகளைப் புதுசாக்குகிற நிகழ்ச்சியைக் காட்டினாள். நல்ல விசுவாசக் குடும்பம், பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள், கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. இதைப் பார்த்தாலும் தப்பா? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சிப், ஜோவானா கெய்ன்ஸ் தம்பதியைச் சொல்கிறீர்கள். 2013-ல் ஆரம்பித்தார்கள், நானும் பார்த்திருக்கிறேன், பிடித்துத்தான் பார்த்தேன். விசுவாசத்தை ஒளிக்காமல் பேசுகிறவர்கள். 2017-ல், நிகழ்ச்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, ஐந்தாவது சீசனோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அப்போது நான் ரொம்பப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன். அப்புறம் அவர்களே சொந்தமாக ஒரு சேனலோடு திரும்பி வந்துவிட்டார்கள்! அது அவர்கள் பிழைப்பு, நான் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை.

நல்லவர்கள் நடத்துவதாலேயே பார்க்கிற நமக்கு ஒன்றும் ஆகாது என்று இல்லை என்பதுதான் என் அனுபவம். அவர்கள் நாள் முழுக்க வேலை செய்கிறார்கள், நாம் நாற்காலியில் இருந்து ஏங்குகிறோம். லூக்கா சுவிசேஷத்தில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட பணக்காரன் ஒருத்தன் வருவானே, அவனை எல்லாரும் பேராசைக்கு உதாரணம் சொல்வார்கள். எனக்கு அந்த உவமையில் கண்ணில் படுவது வேறு. அந்த ஆள் பேசுவது முழுக்கத் தன்னோடு மட்டும்தான். என்ன செய்வேன், இப்படிச் செய்வேன், ஆத்துமாவே நீ இளைப்பாறு. ஒரு மனைவியோ வேலைக்காரனோ பக்கத்து வயல்காரனோ அந்தக் கதையில் எட்டிப்பார்க்கவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, எல்லாரும் தூங்கின வீட்டில், ரிமோட்டோடு உட்கார்ந்திருந்த நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மகளோடு சேர்ந்து பார்த்தீர்கள் இல்லையா, அது வேறு. மகளோடு என்றால் நான் கிரிக்கெட்கூடப் பார்ப்பேன்.

கேள்வி: நாகர்கோவிலில் இண்டீரியர் வேலை செய்கிறேன். எங்களுக்கு வருகிற ஆர்டரில் பாதி இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான். எளிமை, பக்தி என்று நீங்கள் எழுதினால் எங்கள் வயிற்றில் ஈரத்துணிதானா? – வாசகர், பார்வதிபுரம்

பதில்: தம்பி, உங்கள் தொழிலுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டுச் சீலிங்கைக் கழற்ற வந்தவரும் உங்கள் தொழில்காரர்தான், கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் படத்தை அனுப்பி இதே மாதிரி வேண்டும் என்கிறவரிடம் கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்கள். படத்தில் இருக்கிற அலமாரி எம்டிஎஃப், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இங்கே குளச்சல், மண்டைக்காடு பக்கம் உப்புக்காற்று, உள்நாட்டில் வருஷத்துக்கு இரண்டு மழை. ஒரு ஐப்பசிக்கு அது பப்படம் மாதிரி உப்பிவிடும். கீல் எல்லாம் துருப்பிடித்துக் கதவு தொங்கும். அடுக்களைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள், விலை கூடும்தான், கூடும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். சாதாரண பிளைவுட்டான ஐஎஸ் 303-ஐக் கொடுத்துவிட்டு 710 என்று பில் போடுகிறவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. விளவங்கோடு பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் திடீர் திடீரென்று அரண்மனை மாதிரி வீடுகள் நிற்கின்றன. கல்ஃபில் கஷ்டப்பட்ட காசு, குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து படுக்கையறை பூட்டிக் கிடக்கும், பின்பக்கம் சாய்ப்பில் ஒரு வயசான அம்மா கயிற்றுக் கட்டிலில் இருப்பார்கள். கேட்டால், உள்ளே தரை வழுக்குகிறது மக்களே, இங்கே இருந்தால் வழியில் போகிற ஆளைப் பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் ஒரு வீட்டுக்கு வரைபடம் போடும்முன் அந்த அம்மாவிடம் போய், நீங்க சாயங்காலம் எங்கே உட்காருவீங்க என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கே ஒரு படிப்புரை, அதாவது திண்ணை, போடுங்கள், வழுக்காத தரையாக. அதற்கு நீங்கள் எவ்வளவு கூலி வாங்கினாலும் எனக்குச் சம்மதம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூஜை அறையைப் புதுப்பிக்கிறோம். பின்பக்கம் வெளிச்சம் வருகிற அக்ரிலிக் தகடு, மார்பிள் மாதிரி ஒரு ஷீட், தானாக நிறம் மாறுகிற விளக்கு என்று கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். பக்திக்காகச் செலவு செய்வது ஆடம்பரத்தில் வராதுதானே? – வாசகி, கொட்டாரம்

பதில்: கொட்டாரத்திலிருந்து சாமித்தோப்பு கூப்பிடு தூரம். ஐயா வைகுண்டரின் பதியில், அதாவது அவர் வழிபாட்டுத் தலத்தில், பள்ளியறையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஒரு கண்ணாடி, விளக்கு. போய் நின்றால் உங்கள் முகம்தான் தெரியும். ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்கள் தலைப்பாகை கட்டவும் கோயிலுக்குள் போகவும் தடை இருந்த காலத்தில், 1851-ல் மறைந்த அந்த மனிதர் ஏற்படுத்தின வழிபாடு அது. நிறம் மாறுகிற விளக்கு இல்லாமல் இத்தனை வருஷம் நடந்திருக்கிறது.

நீங்கள் கேட்டதால் என்னையும் சொல்லிக்கொள்கிறேன். நான் டிவியை நிறுத்தின மூன்றாம் வாரம், எளிமையாக ஒரு ஜெப மூலை வைக்கலாம் என்று தோன்றியது. எளிமையாகத்தான்! ஒரு தேக்கு முக்காலி, மண் நிறத்தில் ஒரு கைத்தறித் துணி, ஒரு வசனப் பலகை, ஒரு செடி. ஆன்லைனில் எல்லாவற்றையும் பொறுக்கிக் கூட்டிப் பார்த்தால், பழைய சீலிங்குக்குக் கொடுத்த முன்பணத்தை நெருங்குகிறது. இப்போது எளிமையே ஒரு மாடல் ஆகிவிட்டது, அதற்கும் 'முன்னால் – பின்னால்' வீடியோ இருக்கிறது. கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் அம்மாவின் பழைய ஸ்டூலைத் துடைத்து வைத்தேன். ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே ஆடம்பரமா இல்லையா என்று நான் சொல்ல வேண்டாம். கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி முன்னால் ஒரு தடவை நின்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: அதெல்லாம் சரி, சாயங்காலம் முழுக்க அப்படி என்னதான் செய்கிறீர்கள்? போரடிக்கவில்லையா? – வாசகி, குலசேகரம்

பதில்: அடித்தது. முதல் வாரம் கை தானாக ரிமோட்டைத் தேடியது. இரண்டு தடவை விழுந்தும் போனேன்: ஒன்று பெரிய வெள்ளிக்கு முந்தின திங்கள், இன்னொன்று போன மாசம் காய்ச்சலில் படுத்திருந்தபோது. காய்ச்சலில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எனக்கு நானே தீர்மானம் போட்டிருக்கிறேன்.

இப்போது ஆறரைக்குக் கோயில் மணி அடித்ததும் வீட்டுக்காரரும் நானும் ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். பதினைந்து நிமிஷம்தான். அதற்கு மேல் அவருக்குத் தூக்கம் வரும், உண்மையைச் சொல்வதில் என்ன. அப்புறம் படிப்புரையில் உட்காருவேன். பக்கத்து வீட்டு மாமி முறத்தோடு வருவார்கள், பயறு உரிப்போம். அவர்கள் பேசுவதில் பாதி எனக்கு ஏற்கனவே தெரிந்த கதை. ஒரு நாள் மட்டும், தன் மூத்த பிள்ளை இரண்டு வயசில் போனதைச் சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாகச் சுவரைப் பங்கு போட்டு இருக்கிறோம், எனக்கு அது தெரியாது. அன்றைக்கு மாமி போன பிறகு நான் திரும்ப உள்ளே போய் ஜெபம் பண்ணினேன், தூக்கம் வரவில்லை.

சீலிங்கை முழுசாகக் கழற்றியாகிவிட்டது. மேலே பழைய ஓடு, நடுவில் மாமனார் போட்ட ஒரு கண்ணாடி ஓடு, காலை எட்டு மணிக்கு அந்தச் சதுர வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்து மெதுவாகச் சுவருக்கு நகருகிறது. மரநாய் இன்னும் வருகிறது. மட்டி வாழைக்குலையை அடுக்களைக்குள் தூக்கிக் கட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன்.